உதிரிப் பூவும் ஒரு முழம் நாரும்

படிக்கிற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வாரம் ஒரு பாடம்

சிவப்பு மையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "எல்லாம் சரி. நீ என்ன சொல்ல வருகிறாய்?"

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'சென்னையும் தண்ணீரும்' என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதியிருந்தாள். முன்னுரை, முடிவுரை, நடுவில் அடிக்கோடிட்ட துணைத் தலைப்புகள், தொடக்கத்தில் ஒரு குறள், கடைசியில் 'மழைநீரைச் சேமிப்போம், மண்ணுலகைக் காப்போம்' என்று மோனையோடு ஒரு முழக்கம். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை பள்ளியில் கட்டுரைப் போட்டி. அதில் முதலாவதாக வருபவர்தான் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். அதற்கு ஒத்திகையாகத் தமிழ் ஆசிரியர் எழுதச் சொன்ன கட்டுரை இது.

"நல்ல கட்டுரைப் புத்தகமா ஒண்ணு வாங்கித் தரட்டுமா? நாலஞ்சு தலைப்பு மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடு" என்றாள் அம்மா.

கூடத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஏப்ரலிலும் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியவர்.

"அதைக் கொண்டா, பாக்கலாம்."

ஊர்ப் பெயரை மாற்றிப் பார்

பாட்டி நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, 'சென்னை' என்று வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டு மேலே 'மதுரை' என்று எழுதினார்.

"இப்பப் படி."

அவள் படித்தாள். ஒரு வாக்கியம்கூடத் தப்பாகவில்லை. மக்கள்தொகை பெருகுகிறது, தண்ணீர்த் தேவை அதிகரிக்கிறது, மரங்கள் வெட்டப்படுகின்றன, நாம் விழிப்புணர்வு பெற வேண்டும். எல்லாமே மதுரைக்கும் பொருந்தின. கோவைக்கும் பொருந்தும்.

"இதான் கோளாறு. பேப்பர் திருத்தறப்போ முதல் வரியைப் பாத்ததுமே அடுத்த பத்து வரி என்னன்னு எங்களுக்குத் தெரிஞ்சுடும். எல்லாரும் அதே குறள், அதே முழக்கம். தப்பு இருக்காது. ஆனா படிச்சு முடிச்சா மனசுல ஒண்ணும் நிக்காது. 2019ல ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வரும்னு உங்கம்மா குடத்தோட தெருமுனையில நின்னாளே, உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. ஒரு பச்சைக் குடத்தை வரிசையில் காவல் காத்தது அவள்தான்.

"நாலு பக்கத்துல அந்தக் குடம் எங்கடி?"

பதில் இல்லை. பாட்டி கூடையிலிருந்து ஒரு கை பூவை அள்ளிக் காட்டினார். "இது உதிரிப் பூ. வாசனை இருக்கு, நிறம் இருக்கு. ஆனா தலையில வைக்க முடியாது. நார் வேணும். கட்டி உரைக்கிறதாலதான் அதுக்குக் கட்டுரைன்னு பேரு. உன்கிட்ட பூ நிறைய இருக்கு, நார்தான் இல்லை. வா, எடுக்கலாம்."

தலைப்பு வேறு, கருத்து வேறு

கட்டுரை எழுதும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். தலைப்பைக் கொடுத்தவுடன் அதைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். 'சென்னையும் தண்ணீரும்' என்பது வெறும் தலைப்பு. எதைப் பற்றி எழுத வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதைப் பற்றி என்ன சொல்லப் போகிறோம் என்பது எழுதுபவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அந்த முடிவுதான் கருத்து. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்து, சான்றுகளோடு அதை நிறுவிக் காட்டுவதே பொருள்சார்ந்த கட்டுரை.

தலைப்போடு வினாவில் ஒரு வினைச்சொல்லும் இருக்கும். அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை. 'விவரிக்க' என்றால் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 'விளக்குக' என்றால் ஏன், எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். 'ஒப்பிடுக' என்றால் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டுப் போகக் கூடாது. ஒரே அளவுகோலால் இரண்டையும் அளந்து காட்ட வேண்டும். 'ஆராய்க' என்றால் இரு பக்கத்தையும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். வினாவில் 'இரண்டு எடுத்துக்காட்டுகளுடன்' என்று இருந்தால் அந்த இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தச் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

தெரிந்ததையெல்லாம் கொட்டு

ஒரு வெள்ளைத் தாள். பத்து நிமிடம். தலைப்பைப் பார்த்ததும் மனதில் வருவதையெல்லாம் ஒரு சொல், இரண்டு சொல்லாக எழுத வேண்டும். வரிசை வேண்டாம், வாக்கியம் வேண்டாம், நல்லதா கெட்டதா என்று யோசிக்கவும் வேண்டாம்.

அவள் எழுதியது இது: குடம், லாரி வரிசை. 2015 வெள்ளம். ஜோலார்பேட்டை ரயில். புழல் ஏரி. காவிரிப் பிரச்சினை. கேன் தண்ணீர். மழைநீர்த் தொட்டி. பள்ளிக்கரணை. கடல்நீரைக் குடிநீராக்குவது. பல் தேய்க்கும்போது குழாயை மூட வேண்டும். குறள். வீராணம். கூவம். லேக் வியூ ரோடு.

"லேக் வியூ ரோடா? எதுக்கு?" என்று கேட்டார் பாட்டி.

"நம்ம மேற்கு மாம்பலத்துல இருக்கே பாட்டி. லேக்குன்னா ஏரி. ஆனா அங்க ஏரியே இல்லையேன்னு சும்மா தோணுச்சு."

"சும்மா தோணறதைத்தான் விடக் கூடாது. அதைச் சுழிச்சு வை."

ஒரே ஒரு வரி

அடுத்ததுதான் கஷ்டமான வேலை. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்தவரிடம் 'என்ன சொல்லியிருக்கிறாள்?' என்று யாராவது கேட்டால், அவர் சொல்லப்போகும் பதிலை ஒரே வரியில் எழுத வேண்டும்.

அவள் எழுதினாள்: "தண்ணீர் மிகவும் முக்கியமானது."

"இல்லைன்னு யாராவது சொல்வாங்களா?"

"மாட்டாங்க."

"யாரும் மறுக்காத விஷயத்துக்கு எதுக்கு நாலு பக்கம்? அடி."

இரண்டாவது: "சென்னை மக்கள் தண்ணீரைச் சேமிக்க வேண்டும்."

"இது அறிவுரை. ஏன், எப்படின்னு இதுல எதுவும் இல்லை. அடி."

பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அம்மா, யாரிடமும் குறிப்பாக இல்லாமல், "2015ல படகு விட்ட ஊரு. நாலே வருஷத்துல ரயில்ல தண்ணி கொண்டுவந்தாங்க. என்ன ஊரோ!" என்று அலுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "ஆமா, ஏன்மா அப்படி?"

தாளைப் பார்த்தாள். 2015 வெள்ளம் ஒரு மூலையில் இருந்தது, ரயில் இன்னொரு மூலையில் இருந்தது. இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தாள். அந்தக் கோட்டை நீட்டி, ஏரி இல்லாத லேக் வியூ ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு எழுதினாள்: "சென்னையில் வெள்ளம் வருவதற்கும் தண்ணீர்ப் பஞ்சம் வருவதற்கும் ஒரே காரணம், மழைநீர் தங்கும் இடங்களை நாம் இழந்ததுதான்."

பாட்டி அதை வாய்விட்டுப் படித்தார். ஆனால் அம்மா விடவில்லை. "அத்தை, 2018ல வடகிழக்குப் பருவமழையே பொய்ச்சுப் போச்சே. மழையே இல்லாதப்போ ஏரி இருந்து என்ன பண்ணும்? 2015ல கொட்டின மழைக்கு எந்த ஏரிதான் தாங்கியிருக்கும்?"

"நியாயமான கேள்வி. உங்கம்மா கேக்கறதைப் படிக்கிறவங்களும் கேப்பாங்க. என்ன பதில் சொல்லப் போற?"

கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் 'ஒரே காரணம்' என்பதை அடித்து 'முக்கியமான ஒரு காரணம்' என்று மாற்றினாள்.

"இதான் நார்" என்றார் பாட்டி.

ஒரு கருத்து உருப்படியானதா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். அதை மறுத்து யாராவது பேச முடியுமா? முடிய வேண்டும். மறுத்தால் பதில் சொல்ல நம் கையில் சான்று இருக்கிறதா? இருக்க வேண்டும். முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் அது வெறும் வீம்பு.

பிடித்ததையும் விடத் தெரிய வேண்டும்

கருத்து கிடைத்ததும் பட்டியலைத் திரும்ப எடுக்க வேண்டும். ஒவ்வொரு குறிப்பையும் பார்த்து, 'இது அந்த ஒரு வரிக்கு உதவுகிறதா?' என்று கேட்க வேண்டும்.

பல் தேய்க்கும்போது குழாயை மூடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஏரி இழப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடித்தாள். கேன் தண்ணீர், வீராணம், கூவம், கடல்நீர் எல்லாம் போயின. குறளும் போயிற்று. காவிரிப் பிரச்சினையில்தான் கை தயங்கியது. அதைப் பற்றி ஒரு பத்தி அழகாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"நல்லா இருக்குமே பாட்டி."

"நல்லாத்தான் இருக்கும். அது வேற கட்டுரையில. கதம்பம் கட்டறப்போ வேணா எல்லாத்தையும் சேத்துக்கலாம்."

அடித்தாள். பதினான்கில் ஏழு மிஞ்சின. அந்த ஏழும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன.

மிஞ்சிய குறிப்புகளைச் சரிபார்ப்பதில் பாட்டி கறாராக இருந்தார். முதல் கட்டுரையில் 'சென்னையில் ஆயிரக்கணக்கான ஏரிகள் இருந்தன' என்று ஒரு வரி இருந்தது. "யார் சொன்னா?" என்று கேட்டார். எங்கோ படித்ததாகச் சொன்னாள். "எங்கேன்னு சொல்லத் தெரியாத எண்ணை எழுதாதே. ஒரு எண் தப்புன்னா மத்த எல்லாத்து மேலயும் சந்தேகம் வரும். உறுதியாத் தெரிஞ்ச மூணு தகவல் போதும்."

அன்று இரவு அப்பா உதவியோடு பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தாள். ஜோலார்பேட்டை ரயில் முதன்முதலில் வந்தது 2019 ஜூலை 12. மொத்தம் 50 வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர். லேக் வியூ ரோட்டின் ஏரியும் கிடைத்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. 1920களில் அதைத் தூர்த்த இடத்தில்தான் தியாகராய நகர் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் இருக்கும் இடமும் ஒரு காலத்தில் ஏரிதான்.

"தி.நகரே ஏரியா!" தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் இடத்தில் தண்ணீர் நின்றிருந்தது என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

ஆறு வரித் திட்டம்

திட்டம் நீளமாக இருக்கக் கூடாது. பத்திக்கு ஒரு வரி போதும். அவள் எழுதிக்கொண்டது இப்படி:

1. தொடக்கம்: ஏரி இல்லாத லேக் வியூ ரோடு. கருத்து வரி.
2. 2015 வெள்ளம், 2019 பஞ்சம். நான்கே ஆண்டு இடைவெளி.
3. ஏன்? ஏரி ஊரான கதை: தியாகராய நகர், வள்ளுவர் கோட்டம்.
4. எதிர்க் கேள்வி: மழையே பொய்த்தால் என்ன செய்வது? பதில்: நல்ல ஆண்டின் மழையைக் கெட்ட ஆண்டுக்கு எடுத்துவைப்பதே ஏரியின் வேலை.
5. இனி என்ன? மிச்சம் இருக்கும் பள்ளிக்கரணை. 2003ல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு. புழல் போன்ற ஏரிகளின் பராமரிப்பு.
6. முடிவு: மறுபடியும் தெருவின் பெயர்.

இந்த வரிசையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது பத்தி ஒரு கேள்வியை எழுப்புகிறது. மூன்றாவது அதற்குப் பதில் சொல்கிறது. நான்காவது அந்தப் பதிலைச் சோதிக்கிறது. ஐந்தாவது அதிலிருந்து அடுத்த அடி வைக்கிறது. நடுவில் இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் போட்டால் கட்டுரை உடைந்துவிடும். பத்திகளை எப்படி மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டுரைக்கு வரிசையே இல்லை என்று அர்த்தம்.

ஒரு பத்தி எப்படி நிற்கிறது?

பழைய கட்டுரையில் இருந்த பத்தி இது:

"சென்னையில் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடைக்காலத்தில் வறட்சியும் ஏற்படுகின்றன. இதனால் மக்கள் சொல்லொணாத் துயரம் அடைகின்றனர். இந்நிலை மாற வேண்டும்."

புதிதாக எழுதியது இது:

"சென்னைக்கு ஒரே நேரத்தில் தண்ணீர் அதிகமாகவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடையாற்றின் கரையோரம் இருந்தவர்களைப் படகில் மீட்டார்கள். நான்கு ஆண்டுகள்கூட முடியவில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த நாட்களில் நள்ளிரவில் லாரிக்காக என் அம்மா குடத்துடன் நின்றார். கொட்டிய மழையைப் பிடித்துவைக்க இடம் இல்லாததால்தான், மழை பொய்த்த ஆண்டில் கையிருப்பும் இல்லாமல் போனது. அந்த இடமெல்லாம் எங்கே போயிற்று?"

முதல் வாக்கியம் பத்தி எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறது. பிறகு ஆண்டும் இடமும் உள்ள சான்றுகள் வருகின்றன. அதன்பின் அந்தச் சான்றுகளின் பொருள் என்ன என்று ஒரு வாக்கியம் சொல்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். தகவலைச் சொல்லிவிட்டு, படிப்பவர் தானே புரிந்துகொள்வார் என்று போய்விடுகிறார்கள். கடைசி வாக்கியம் அடுத்த பத்திக்கு வழிவிடுகிறது.

அம்மாவின் குடமும் ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. சொந்த அனுபவம் கட்டுரைக்கு உயிர் தரும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு நகரத்தைப் பற்றி முடிவு சொல்லிவிட முடியாது. பொதுச் செய்தியும் சொந்த அனுபவமும் கைகோத்து வரும்போது படிப்பவர் நம்புகிறார்.

முன்னுரையும் முடிவுரையும்

'முன்னுரை' என்று தலைப்புப் போட்டுவிட்டு, 'நீர் என்பது இயற்கை நமக்களித்த கொடை' என்று தொடங்குவதுதான் வழக்கம். கேள்வித்தாளில் முன்னுரை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் கொடுத்திருந்தால் அந்தத் தலைப்புகளைக் கட்டாயம் போட வேண்டும். ஆனால் அதன்கீழ் எழுதும் முதல் வரி நம்முடையதாக இருக்கலாமே.

அவள் எழுதிய முதல் வரி: "மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது, அங்கிருந்து எந்த ஏரியும் தெரிவதில்லை."

பாட்டி சிரித்தே விட்டார். "இதைப் படிச்சா அடுத்த வரியையும் படிக்கத் தோணும்."

முன்னுரைக்கு இரண்டு வேலைதான். படிப்பவரை உள்ளே அழைக்க வேண்டும். கருத்து இன்னதென்று சொல்லிவிட வேண்டும். முன்னுரை கட்டுரையில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டியதில்லை. முதல் வரி வராமல் மனம் முரண்டு பிடித்தால், அரைப் பக்கம் இடம் விட்டுவிட்டு இரண்டாவது பத்தியிலிருந்து தொடங்கலாம். உள்ளே எழுதிக்கொண்டு போகும்போதே முன்னுரை தானாகத் தோன்றிவிடும்.

முடிவுரையில் சொன்னதையே திரும்பச் சொல்வதும், புதிதாக ஒரு தகவலைத் திணிப்பதும், முழக்கம் போடுவதும் வேண்டாம். 'சரி, இதெல்லாம் உண்மை என்றால் அதனால் என்ன?' என்ற கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். அவள் இப்படி முடித்தாள்: "பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் பட்டியலில் சேர்ந்தது என்பதை மேலே பார்த்தோம். அதையும் காக்கத் தவறினால், பள்ளிக்கரணை என்ற பெயரும் ஒரு நாள் எங்கள் தெருப் பெயர்போல வெறும் பெயராக மிஞ்சும்."

நேரம்

போட்டிக்குக் கொடுத்திருந்தது 45 நிமிடம். பாட்டி அதைப் பங்கு போட்டுக் கொடுத்தார்: தலைப்பைப் படித்துக் குறிப்பெடுக்க 5 நிமிடம், கருத்துக்கும் திட்டத்துக்கும் 7 நிமிடம், எழுத 28 நிமிடம், திரும்பப் படிக்க 5 நிமிடம்.

"பன்னெண்டு நிமிஷம் எழுதாம உக்காரணுமா? பக்கத்துல இருக்கறவ ரெண்டாம் பக்கத்துக்குப் போயிடுவா பாட்டி."

"போகட்டும். எங்கே போறோம்னு தெரியாம வேகமா நடந்து என்ன ஆகப் போகுது?"

கடைசி 5 நிமிடத்தில் செய்ய வேண்டியவை: உதடசைத்து மெதுவாகப் படிப்பது. மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குவது. சந்திப் பிழை, ஒருமை பன்மை பார்ப்பது. கடைசியாக, ஊர்ப் பெயரை மனதுக்குள் மாற்றிப் பார்ப்பது.

இந்த முறை பள்ளியோடு முடிந்துவிடுவதும் இல்லை. இந்தியக் குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கென்றே 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் இருக்கிறது. 3 மணி நேரத்தில் இரண்டு பிரிவிலும் ஒவ்வொரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, தலா 1000 முதல் 1200 சொற்களில் இரண்டு கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு பெரிதாகும், நேரம் கூடும். ஆனால் அங்கேயும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.

சனிக்கிழமை

போட்டியில் கொடுத்த தலைப்பு தண்ணீர் இல்லை. கரும்பலகையில் 'மரமும் மனிதனும்' என்று எழுதிப் போட்டார்கள்.

தயார் செய்து வைத்திருந்த ஏரி, ரயில், லேக் வியூ ரோடு எதுவும் இப்போது உதவாது. ஒரு நிமிடம் அவளுக்குக் கை நடுங்கியது. சுற்றிலும் பேனாக்கள் ஓடத் தொடங்கிவிட்டன. மரம் நிழல் தரும், காய் தரும், கனி தரும் என்ற பழைய வரிகள் வரிசைகட்டி வந்து நின்றன. அவள் அவற்றைக் குறிப்புத் தாளில் எழுதினாள். அவற்றின் கீழே, சும்மா தோன்றியதையும் எழுதினாள்: இஸ்திரி வண்டித் தாத்தா.

தெருமுனையில் பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் அவர். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது அந்த மரமும் போயிற்று. அன்றிலிருந்து தார்ப்பாய் கட்டிக்கொண்டு நிற்கிறார். சித்திரை வெயிலில் மதியம் வண்டியை மூடிவிடுகிறார். அந்தப் பாதி நாள் வருமானம் போகிறது.

நிழல் என்பதைப் பாடத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். அதற்கு ஒரு கூலி உண்டு என்று அன்றுதான் தோன்றியது. "தெருவோர மரம் பலருக்கு வேலை செய்யும் இடம், அதை வெட்டும்போது ஒருவருடைய பிழைப்பும் சேர்ந்து சாய்கிறது." இந்த வரி வந்தபோது கடிகாரத்தில் பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது. அதன்பிறகு பேனா நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எத்தனை பக்கம் எழுதின?" என்று கேட்டாள்.

"ரெண்டரைதான்மா."

அம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது. முடிவு தெரிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. பாட்டி மட்டும் வேறொன்று கேட்டார்.

"ஊர்ப் பேரை மாத்திப் பாத்தியா?"

"பாத்தேன் பாட்டி. மாத்த முடியல."

பாட்டி கட்டி முடித்த பூவில் ஒரு கண்ணி எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டார்.

பெற்றோர் கவனத்துக்கு

* பிள்ளை எழுதியதைத் திருத்தும் முன், "என்ன சொல்ல வர்றே?" என்று கேளுங்கள். வாயால் ஒரு வரியில் சொல்ல முடிந்தால் தாளிலும் சொல்ல முடியும்.
* நீங்களே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். தலைப்பு மாறினால் பிள்ளை தனியாக நிற்கும்.
* எதிர்க் கேள்வி கேளுங்கள். வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிய பிள்ளைக்குத் தேர்வு அறையில் பயம் குறையும்.
* எண்ணும் ஆண்டும் எழுதினால், எங்கே பார்த்தாய் என்று கேளுங்கள். உறுதி இல்லாததை விட்டுவிடச் சொல்லுங்கள்.
* வாரம் ஒரு தலைப்பில் முழுக் கட்டுரை எழுத நேரம் இல்லையா? ஆறு வரித் திட்டம் மட்டும் போட்டுப் பழகச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான்.
* பக்கங்களை எண்ணாதீர்கள்.